வாயூற வைக்கும் வெள்ளை: இத்தாலியின் சொந்தத் திராட்சைகளில் எங்கே தொடங்குவது?

வேலை நிமித்தமாக வெரோனாவில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். முதல் வாரம் சாப்பிடப் போன இடத்தில், எனக்குத் தெரிந்த ஒரே பெயர் என்பதால் பினோ கிரிஜோ என்ற வெள்ளை ஒயினைக் கேட்டேன். பரிமாறிய பெரியவர் ஒன்றும் சொல்லாமல் கொண்டுவந்து வைத்தார். கூடவே இன்னொரு சின்ன கிளாஸில் இரண்டு மடக்கு அளவுக்கு வேறு ஏதோ ஊற்றி, இதையும் பார் என்பது போலக் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். முதலாவது குளிர்ந்த தண்ணீர் மாதிரி இறங்கியது. இரண்டாவது உள்ளே போனதும் தாடையின் இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தது. பச்சை மாங்காயைக் கடித்தால் ஊறுமே, அப்படி வாயெல்லாம் நீர் ஊறியது. அது ஸொவாவே. வெரோனாவுக்குக் கிழக்கே 20 கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் ஊரின் ஒயின்.

பினோ கிரிஜோ பிரான்சில் பிறந்த திராட்சை. ஷார்டனேயும் சோவினியோன் பிளாங்கும் அப்படியே. இத்தாலியில் நிறையப் பயிராகின்றன, நல்லவையும் உண்டு. ஆனால் அந்த நாட்டுக்கென்றே நூற்றுக்கணக்கான திராட்சை வகைகள் இருக்கும்போது, அங்கே போய் வந்தேறியைக் கேட்டு வாங்குவது மதுரைக்குப் போய் பீட்சா தேடுவது போல. இந்தக் கட்டுரை அந்தச் சொந்த வகைகளை முதன்முதலாக வாங்கிக் குடிக்கப் போகிறவர்களுக்கு. எனக்குத் தெரிந்த வரிசையில் சொல்கிறேன்.

முதலில், எதைத் தேடுகிறோம்?

வெள்ளை ஒயினில் வாயூற வைப்பது அதன் அமிலம். திராட்சையில் முக்கியமானவை இரண்டு. ஒன்று டார்டாரிக் அமிலம்; நம் சமையலறைப் புளியின் புளிப்பும் இதனால்தான். மற்றது மாலிக் அமிலம்; பச்சை ஆப்பிளில் இருப்பது. இப்படிப்பட்ட வெள்ளை ஒயினில் எல்லா அமிலமும் சேர்த்து லிட்டருக்கு 5 முதல் 7 கிராம் வரை இருப்பது வழக்கம்.

இந்தப் புளிப்பு போகாமல் காக்கச் செய்பவை அதிகமில்லை. பகலில் வெயிலும் இரவில் குளிரும் உள்ள மலைச்சரிவில் கொடி வளர்ப்பார்கள். இரவுக் குளிர் அமிலத்தைக் கரையவிடாது. பறித்த பழத்தைப் பிழிந்து, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டியில் வெப்பம் ஏறாமல் பார்த்துக்கொண்டு நொதிக்க விடுவார்கள். மாலிக் அமிலத்தைப் பாக்டீரியா லாக்டிக் அமிலமாக, அதாவது தயிரில் உள்ள மென்மையான புளிப்பாக மாற்றும் இரண்டாம் கட்டம் ஒன்று உண்டு. அதைப் பலர் தடுத்துவிடுவார்கள். புது ஓக் பீப்பாயும் பெரும்பாலும் கிடையாது. ஆகவே கடைக்காரரிடம் "ஓக் வாசனை இல்லாதது, புளிப்புத் தூக்கலானது" என்று சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

இனிப்பு வேண்டாம் என்றால் லேபிளில் 'செக்கோ' என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். இனிப்பில்லாதது என்று பொருள். சொல்லே இல்லாவிட்டாலும் கீழே நான் சொல்லும் ஒயின்கள் பொதுவாக இனிப்பற்றவைதான். 'அமாபிலே', 'பஸ்ஸீத்தோ', 'ரெச்சோத்தோ' என்று கண்டால் மட்டும் வைத்துவிடுங்கள். பின்னிரண்டும் பழத்தை உலர்த்திச் செய்யும் இனிப்பு ஒயின்கள். அருமையானவைதான், ஆனால் இப்போதைக்கு வேறு கதை.

லேபிளைப் படிப்பது

புதியவர்கள் பயப்படும் இடம் இதுதான். நானும் பயந்தேன். ஒரு லேபிளை உடைத்துப் பார்த்துவிட்டால் மற்றவை தானாக விளங்கும். நீளமான பெயராகவே எடுப்போம்: வெர்திக்கியோ தெய் கஸ்தெல்லி தி யேசி கிளாசிக்கோ சுப்பெரியோரே.

வெர்திக்கியோ என்பது திராட்சை. 'வெர்தே' என்றால் பச்சை. பழுத்த பிறகும் இந்தப் பழத்தில் பச்சைச் சாயல் போகாது, ஒயினிலும் கொஞ்சம் தெரியும். 'தெய் கஸ்தெல்லி தி யேசி' என்றால் யேசி ஊரைச் சுற்றியுள்ள கோட்டைக் கிராமங்களைச் சேர்ந்தது. ஆக, திராட்சை, அப்புறம் ஊர். 'கிளாசிக்கோ' என்றால் அந்தப் பகுதியிலேயே பழைய, மூல எல்லைக்குள் விளைந்தது. 'சுப்பெரியோரே' என்றால் விதிப்படி சற்றுக் கூடுதலாகப் பழுத்த பழமும் கூடுதல் ஆல்கஹாலும். 'ரிசெர்வா' என்று இருந்தால் வெளியே விடுவதற்கு முன் கூடுதல் காலம் வைத்திருந்தது. யேசியில் அது குறைந்தது 18 மாதம்.

சில ஒயின்கள் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லும். ஸொவாவே ஊர், திராட்சை கர்கானெகா. காவி ஊர், திராட்சை கொர்தேஸே. (பெயர்தான் காவி, நிறம் என்னவோ வெளிர் மஞ்சள்.) இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை, ஆனால் பத்துப் பெயருக்குள் அடங்கிவிடும்.

அடுத்து டி.ஓ.சி., டி.ஓ.சி.ஜி. என்ற எழுத்துகள். எந்த ஊரில், எந்தத் திராட்சையை, எவ்வளவு விளைச்சலுக்குள் பயன்படுத்தலாம் என்று சட்டம் வகுத்த முத்திரை இது. இதற்கான சட்டம் 1963-இல் வந்தது. 1966-இல் முதல் டி.ஓ.சி. பெற்றது தொஸ்கானாவின் வெர்நாச்சா தி சான் ஜிமின்யானோ என்ற வெள்ளை ஒயின். கடைசியில் 'ஜி' சேர்ந்தால் விதி இன்னும் இறுக்கம்; பாட்டிலின் கழுத்தில் எண்ணிட்ட ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருக்கும். ஆனால் முத்திரை ருசிக்கு உத்தரவாதம் அல்ல. சோம்பேறித்தனமாகச் செய்த டி.ஓ.சி.ஜி.யும் குடித்திருக்கிறேன், சாதாரண டி.ஓ.சி.யில் சொக்கிப்போயும் இருக்கிறேன்.

உச்சரிப்புக்கு ஒரே ஒரு குறிப்பு. இத்தாலியத்தில் 'சி'க்குப் பின் 'எச்' வந்தால் அது 'க' ஒலி. அதனால் வெர்திக்கியோ, வெர்டிச்சியோ அல்ல. வெர்நாச்சாவில் 'எச்' இல்லை, அதனால் 'ச'. கடையில் இதைச் சரியாகச் சொன்னால் கடைக்காரர் அலமாரியின் மேல்தட்டைக் காட்டுவார், அனுபவம்.

வாங்க வேண்டிய மூன்று பாட்டில்கள்

ஒரே நாளில் வேண்டாம். வாரத்துக்கு ஒன்று, இந்த வரிசையில்.

முதலாவது ஸொவாவே கிளாசிக்கோ. 'கிளாசிக்கோ' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். 1968-இல் டி.ஓ.சி. எல்லை வகுத்தபோது மலையடிவாரத்தைத் தாண்டிச் சமவெளி வரைக்கும் நீட்டிவிட்டார்கள். சமவெளியில் கர்கானெகாக் கொடி சகட்டுமேனிக்குக் காய்க்கும், காய்த்தால் நீர்த்துப்போகும். ஸொவாவேக்குக் கெட்ட பெயர் வந்தது அதனால்தான். பழைய எல்லைக்குள் உள்ள குன்றுகளில் பெரும்பகுதி கருத்த எரிமலைப் பாறை மண். அங்கே விளைவதில் வெள்ளைப் பூ வாசனை, எலுமிச்சைத் தோல், கடைசியில் லேசான பாதாம் கசப்பு. விதிப்படி 70 விழுக்காடாவது கர்கானெகா இருக்க வேண்டும். முழுக்க அதையே போடுகிறவர்களும் உண்டு, முடிந்தால் அதைத் தேடுங்கள். மென்மையாகத் தொடங்குவதால் புளிப்புக்குப் பழகாத வாய்க்கு இது நல்ல முதல் படி.

இரண்டாவது வெர்திக்கியோ. இதில் நான் நடுநிலையாக இருக்கப்போவதில்லை. இத்தாலியின் வெள்ளைத் திராட்சைகளில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். அத்ரியாத்திக் கடலோரத்து மார்க்கே மாநிலம் இதன் வீடு. 1950-களில் ஃபாட்சி பத்தாலியா என்ற நிறுவனம் பழங்கால ஜாடி போல இடுப்பு ஒடுங்கிய பச்சை பாட்டிலில் இதை விற்றது. பாட்டில் உலகமெங்கும் பிரபலமாகி, உள்ளே இருந்ததை யாரும் பொருட்படுத்தாத நிலை வந்தது. மீன்குழம்போடு குடிக்கும் மலிவுச் சரக்கு என்ற பேர் ஒட்டிக்கொண்டது. இன்றும் விலையில் அந்தப் பழைய பேரின் நிழல் இருக்கிறது, நமக்கு லாபம்.

இதற்கு இரண்டு ஊர்கள். யேசி கடலைப் பார்த்த குன்றுகள். மத்தேலிக்கா உள்நாட்டில், மலைக்குள். மார்க்கேயின் மற்ற பள்ளத்தாக்குகள் கடலை நோக்கித் திறந்திருக்கின்றன. மத்தேலிக்காவின் பள்ளத்தாக்கு மட்டும் அப்பெனைன் மலைத்தொடருக்கு இணையாக வடக்கு-தெற்காக ஓடுகிறது. கடற்காற்று நுழையாது. இரவில் குளிர் இறங்கும். அதனால் அங்கே பழம் நன்கு பழுத்தாலும் அமிலம் குறையாது. யேசியின் ஒயின் உருண்டையாக, கொஞ்சம் தாராளமாக இருக்கும். மத்தேலிக்காவினது கத்தி பிடித்த மாதிரி நேராக இருக்கும். முதலில் யேசி, பிறகு மத்தேலிக்கா.

குடித்து முடித்ததும் நாக்கின் பின்பக்கத்தைக் கவனியுங்கள். தோலோடு பச்சைப் பாதாமை மென்றால் வருமே, அந்தக் கசப்பு மெதுவாக வந்து உட்காரும். முதல் தடவை இது பிழை என்று நினைத்தேன். பாகற்காய்த் துவையலைச் சாப்பிட்டு வளர்ந்த வாய் என்றால் இன்னும் சீக்கிரம் பழகியிருக்குமோ என்னவோ. பாகற்காயைத் தேடிச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கசப்பு உடனே பிடித்துவிடுகிறது, பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது வெர்மெந்தீனோ. சார்தீனியத் தீவின் வடகிழக்கு மூலையில் கல்லூரா என்ற பகுதி. (நம் கல்லூரி இல்லை, ஆனால் மண் என்னவோ உண்மையிலேயே கல், பொடிந்த கிரானைட்.) வடமேற்கிலிருந்து மயெஸ்த்ராலே என்ற காற்று ஓயாமல் அடிக்கும். 1996-இல் டி.ஓ.சி.ஜி. கிடைத்தது; அந்தத் தீவில் இந்த முத்திரை உள்ள ஒரே ஒயின் இது. வாயில் உப்புக் கரிப்பது போன்ற உணர்வு, காட்டுச் செடிகளின் வாசம், எலுமிச்சை. இதே திராட்சை லிகூரியாவில் பிகாத்தோ, பியெமோந்தேயில் ஃபவொரீத்தா, பிரான்சில் ரோல். எந்தக் கரையில் முதலில் பிறந்தது என்பதில் இரண்டு நாட்டுக்கும் வழக்கு உண்டு. நான் கல்லூரா பக்கம்.

குளிர வைப்பது

இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். ஃப்ரிட்ஜ் சுமார் 4 டிகிரி. அந்தக் குளிரில் எந்த ஒயினும் ஒரே மாதிரிதான் தெரியும்: குளிர்ச்சி மட்டும். வாசனை எழும்பாது, கசப்பு மட்டும் தூக்கும். ஸொவாவேயும் வெர்மெந்தீனோவும் 8 முதல் 10 டிகிரி, வெர்திக்கியோ 10 முதல் 12. தெர்மாமீட்டர் எல்லாம் வேண்டாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து 15 நிமிடம் மேசையில் வையுங்கள், வெயில் காலம் என்றால் 10 நிமிடம்.

அவசரம் என்றால் ஒரு வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு பிடி கல்லுப்பு. பாட்டிலை கழுத்து வரை முக்கினால் 20 நிமிடத்தில் தயார். வெறும் ஐஸில் செருகினால் அவ்வளவு சீக்கிரம் ஆகாது. பாட்டிலைத் தொடுவது ஐஸின் முனைகள்தான், தண்ணீர் இருந்தால்தான் முழுக்கத் தழுவும். கிளாஸுக்குள் மட்டும் ஐஸ் போடாதீர்கள்.

முதல் வாய்

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். காம்பைப் பிடியுங்கள், கிண்ணத்தைப் பிடித்தால் கைச்சூடு ஏறும். ஒரு சுற்றுச் சுழற்றி முகருங்கள். ஈரமான அட்டைப்பெட்டி வாசம் வந்தால் கார்க் கெட்டிருக்கிறது, திருப்பிக் கொடுக்கலாம்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் ஒரு சின்ன மடக்கு. வாயில் நாலு விநாடி வைத்து விழுங்கிவிட்டு, தலையைக் கொஞ்சம் குனியுங்கள். நாக்குக்கு அடியிலிருந்து எச்சில் எவ்வளவு ஊறுகிறது, எவ்வளவு நேரம் ஊறுகிறது? அமிலத்தை அளக்க எனக்குத் தெரிந்த மிக எளிய முறை இதுதான். மூன்று பாட்டிலுக்கும் இதைச் செய்து ஒரு காகிதத்தில் இரண்டு வரி எழுதுங்கள். "பேரிக்காய், புளிப்பு மிதம், கசப்பு உண்டு" போதும். கடையில் தரும் விளக்கச் சீட்டில் உள்ள பதினேழு பழங்களும் உங்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

கூட என்ன சாப்பிடுவது

வெறும் வயிற்றில் இந்த ஒயின்கள் கடுப்பாக இருக்கும். அவை சாப்பாட்டோடு வளர்ந்தவை. நாப்போலிப் பக்கம் அலீச்சி என்ற சின்ன மீனை மாவில் புரட்டி எண்ணெயில் பொரித்து, எலுமிச்சை பிழிந்து காகிதத்தில் சுருட்டித் தருவார்கள். பார்த்தாலே தெரியும், நம் நெத்திலிக்குச் சொந்தக்காரன். மிளகாய்த்தூள் மட்டும் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கை ஒயினின் புளிப்பு கழுவிவிடும், அடுத்த மீனுக்கு வாய் தயார். அன்கோனாவில் 13 வகை மீன் போட வேண்டும் என்று அடம்பிடிக்கும் ப்ரொதெத்தோ என்ற மீன் குழம்புக்கு வெர்திக்கியோ. ஜெனோவாவின் துளசிச் சாந்து பூசிய பாஸ்தாவுக்கு வெர்மெந்தீனோ. ஆட்டுப்பால் சீஸுக்கு மூன்றும் ஒத்துப்போகும்.

வீட்டில் நெத்திலி வறுத்துக் குடித்துப் பார்க்கலாம். மிளகாயைக் கால்வாசியாகக் குறைத்து மிளகும் உப்பும் போடுங்கள். காரம் ஏறினால் ஆல்கஹால் எரியும், புளிப்பு கூர்மையாகும், இரண்டும் சேர்ந்து வாயைப் பதம் பார்த்துவிடும். காரக் குழம்போடு ஒருமுறை முயன்றேன். மறுமுறை முயலவில்லை.

மூன்றும் பிடித்துவிட்டால்

தெற்கே போங்கள். நாப்போலிக்கு உள்நாட்டில் அவெல்லீனோ மலைப்பகுதி. அங்கே ஃபியானோ, கிரேக்கோ என்ற இரண்டு திராட்சைகள். இரண்டின் ஒயினும் 2003-இல் டி.ஓ.சி.ஜி. பெற்றன. கிரேக்கோ விளையும் தூஃபோ கிராமத்தில் ஒரு காலத்தில் கந்தகச் சுரங்கம் இருந்தது. அந்த ஒயினில் தீக்குச்சி வாசம் வருகிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஃபியானோ கிட்டத்தட்ட அழிந்துபோன வகை. மஸ்த்ரொபெரார்தீனோ குடும்பம் இருபதாம் நூற்றாண்டில் விடாப்பிடியாகப் பயிரிட்டு மீட்டெடுத்தது. வறுத்த ஹேசல்நட்டும் தேனும் வாசத்தில் வரும். ஆனால் வாயில் இனிப்பு இருக்காது. இந்த முரண் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அதற்கும் தெற்கே சிசிலியில் எத்னா எரிமலை. கர்ரிகாந்தே என்ற திராட்சை. பெயருக்கு மூலம் சுமையேற்றுதல் என்ற வினை, கொடி அவ்வளவு காய்க்குமாம். கிழக்குச் சரிவில் மீலோ என்ற ஊரின் எல்லைக்குள் விளைந்தால் மட்டுமே 'எத்னா பியாங்கோ சுப்பெரியோரே' என்று எழுதலாம். நான் சொன்னவற்றில் மிகப் புளிப்பானது இதுதான். முதல் பாட்டிலாக வாங்கியிருந்தால் வெள்ளை ஒயினையே விட்டிருப்பீர்கள். விலையும் ஏறிக்கொண்டு போகிறது.

வடக்கே பியெமோந்தேயில் காவி, அர்னேஸ், திமொராஸ்ஸோ. காவி சுத்தமானது, கொஞ்சம் அமைதி. அர்னேஸ் என்றால் அந்த ஊர்ப் பேச்சில் குறும்புக்காரன், அடங்காதவன் என்று பொருள், தோட்டத்தில் பாடுபடுத்தும். திமொராஸ்ஸோ கனமானது, அதை இரண்டு வருடம் கழித்துப் பேசலாம். மார்க்கேயில் பெக்கொரீனோ என்று ஒரு திராட்சை உண்டு, சீஸுக்கும் அதே பெயர். இரண்டுக்கும் மூலம் செம்மறியாடு.

வைத்திருப்பது, மிச்சம் பிடிப்பது

ஸொவாவே, காவி, வெர்மெந்தீனோ ஆகியவற்றை லேபிளில் உள்ள அறுவடை ஆண்டிலிருந்து இரண்டு, மூன்று வருடத்துக்குள் குடித்துவிடுவது நல்லது. நல்ல தயாரிப்பாளரின் வெர்திக்கியோ ரிசெர்வா, ஃபியானோ, எத்னா வெள்ளை ஆகியவை இன்னும் பல வருடம் தாங்கும்; இரண்டு பாட்டில் வாங்கி ஒன்றை வெளிச்சம் படாமல் படுக்கப் போடலாம். நம் ஊர் வெயிலில் சமையலறை அலமாரி உதவாது, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டே மேல்.

750 மில்லி பாட்டிலில் ஐந்து கிளாஸ் வரும். இருவர் குடித்தால் மிஞ்சும். கார்க்கைத் திரும்பச் செருகி ஃப்ரிட்ஜில் நிற்க வைத்தால் மூன்று நாள் வரை கெடாது. வெர்திக்கியோ இரண்டாம் நாள் சில சமயம் கூடுதலாக வாசம் விடும். அதற்காகவே நான் கொஞ்சம் மிச்சம் வைப்பேன்.

ஃப்ரிட்ஜில் கிடந்த பாட்டிலின் அடியிலோ கார்க்கின் நுனியிலோ கற்கண்டுத் தூள் போலப் பளபளவென்று ஏதாவது படிந்திருந்தால் கண்ணாடித் துண்டு என்று பதறி ஊற்றிவிடாதீர்கள். முதலில் சொன்ன டார்டாரிக் அமிலம்தான், பொட்டாசியத்தோடு சேர்ந்து குளிரில் உறைந்து உப்பாகியிருக்கிறது. உடம்புக்கு ஒன்றும் செய்யாது. பாட்டிலைச் சற்று நேரம் நிமிர்த்தி வைத்து, கடைசி ஒரு மடக்கை உள்ளேயே விட்டுவிட்டு மெதுவாக ஊற்றுங்கள்.